என் கணவர் மறுபடி எழுந்து நின்ற காலை

இயேசுவை நம்பி வாழும் சகோதர சகோதரிகளே, வலங்கைமான் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஸ்டெல்லா எழுதுகிறேன்.

என் கணவர் அருள்தாஸ் நெல் அறுவடை மிஷின் ஓட்டியவர். வாட்டசாட்டமான ஆள். இரண்டு வருடத்துக்கு முன் தை மாதம், சம்பா அறுப்பு நடக்கும்போது வயலிலேயே பக்கவாதம் வந்து சரிந்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறியது. தஞ்சாவூரில் இருபது நாள் வைத்தியம் பார்த்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அதன் பிறகு அவரை நான்தான் தூக்கினேன். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு. நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கு. நான் அவர் தோள் உயரம்கூட இல்லை. ஒரே மகள் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். 'இவருக்குப் பூரண சுகம் தாரும்' என்று தினமும் ஜெபித்தேன். பாரத்தை ஆண்டவரிடம் கொடுத்துவிடுங்கள் என்று சபையில் சொன்னார்கள். எப்படிக் கொடுப்பது? எண்பது கிலோ மனிதரை அவர் எப்படி வாங்கிக்கொள்வார்? கோபத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன்.

அதே வருடம் சித்திரையில் ஒரு நாள், காலை பதினோரு மணி இருக்கும். அவரைத் தூக்கும்போது என் இடுப்பு பிடித்துக்கொண்டது. இருவரும் தரையில் விழுந்தோம். போன் அடுத்த அறையில். கத்திப் பார்த்தேன். யாரும் வரவில்லை.

"ஆண்டவரே, இனிமே என்னால தூக்க முடியாது. என்ன பண்ணப் போறீங்கன்னு தெரியல. நீங்களே பாத்துக்குங்க" என்று வாய்விட்டு அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் கொல்லையில் யாரோ ஆடு விரட்டும் சத்தம். மறுபடி கத்தினேன். கொல்லை வாசல் வழியாக உள்ளே ஓடி வந்தது பின்தெரு மும்தாஜ். குவைத்தில் ஒரு முதியவரைப் பல வருடம் பராமரித்துவிட்டு, முந்தின வாரம்தான் ஊர் திரும்பியிருந்தாள். அதுவரை நாங்கள் பேசிப் பழகியதில்லை.

"அய்யோ, என்னாச்சுக்கா?"

"இவர ஒரு கை புடிம்மா, தூக்கணும்."

"தூக்காதீங்கக்கா. அண்ணனே எழுந்திரிப்பாரு."

விவரம் தெரியாமல் பேசுகிறாள் என்று நினைத்தேன். அவள் எங்களுக்கு அடிபட்டிருக்கிறதா என்று பார்த்தாள். நாற்காலியை அவருடைய இடப்பக்கம் போட்டாள். "நல்ல கைப்பக்கமா திரும்புங்கண்ணே. முழங்கைய ஊனுங்க. அவசரமே இல்ல."

அவர் திரும்பினார். மண்டியிட்டார். இடது கையால் நாற்காலியைப் பிடித்து, இடது காலை ஊன்றி, மும்தாஜ் இடுப்பைத் தாங்க, எழுந்து நின்றார்! அவரால் என்ன முடியாது என்றே மூன்று மாதமாகப் பார்த்திருந்தேன். என்ன முடியும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் அவர் குழறிக் குழறிச் சொன்னார். "நானும் ஜெபம் பண்ணேன்."

"என்னன்னு?"

"என்னை எடுத்துக்குங்கன்னு. நீ படுற பாட்டைப் பாக்க முடியல. இனிமே அப்படிக் கேக்க மாட்டேன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மும்தாஜ் ஒரு மாதம் தினமும் வந்து அவரை எழுந்து நிற்கப் பழக்கினாள். ஏனம்மா இவ்வளவு சிரமம் என்றேன். "வீட்ல சும்மா இருந்தா கை பரபரங்குதுக்கா" என்று சிரித்தாள்.

வலது கை இன்னும் வரவில்லை. நான் கேட்டது ஒன்று, ஆண்டவர் தந்தது வேறு. ஏன் என்று இன்றும் அவரிடம் கேட்கிறேன். ஆனால் பயந்து கேட்பதில்லை. போன ஞாயிறு ஆராதனையில் எல்லோரும் எழுந்தபோது என் கணவரும் எழுந்து நின்றார். நான் கை கொடுக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் தூக்க முடியாத பாரம் இருக்கலாம். முடியவில்லை என்று அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். எந்த வழியாக உதவி வரும் என்று எனக்குத் தெரியாது. வரும் என்பது தெரியும்.