இரண்டாம் நம்பர் ரிமோட்

அன்றைக்குக் கடையில் இருந்தவர்கள்: பஷீர் பாய், கடைக்காரர். மூர்த்தி, என்னோடு ஒன்பதாவது வரை படித்தவன். அன்பு, அரிசி மில்லில் வேலை பார்த்தவன். அப்புறம் நான். வேறு யாரும் இல்லை. வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்து பாய் ஷட்டரைத் தூக்கிய நேரம். ஊர் அய்யம்பேட்டை.

இதை இப்போது எழுதக் காரணம், போன வாரம் பார்த்த ஒரு வீடியோ.

நான் நெல் அறுப்பு மிஷின் ஓட்டுகிறேன். தை மாதத்தில் பனி காயாமல் வயலில் இறங்க முடியாது. ஈரத்தோடு அறுத்தால் வைக்கோல் உள்ளே சுற்றிக்கொள்ளும். வெயில் ஏறும்வரை மிஷினை ஓரமாகப் போட்டுவிட்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, முன்பு பாய் கடையில் நாங்கள் ஆடிய சண்டை கேம் வந்தது. ஜப்பான் கார்ட்டூன் போல வரைந்த ஆட்கள். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். முன்னே போகலாம், பின்னே வரலாம், குதிக்கலாம், அடிக்கலாம். அவ்வளவுதான் ஆட்டம். அதில் புதிய பாகம் வந்திருக்கிறதாம். ஒருவர் தமிழில் பேசி ஆடிக் காட்டினார்.

கீழே ஆடுகிறவர்கள் கருத்து எழுதியிருந்தார்கள். படம் அழகு, கதைதான் ஒன்றும் இல்லை என்று ஒருவர். வெள்ளை முடிக்காரனை எடுத்தால் எவன் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம், இதில் நியாயமே இல்லை என்று இன்னொருவர். தோற்றவன் எல்லாரும் சொல்வது இதைத்தான் என்று அவருக்கு ஒரு பதில். சிரித்துவிட்டேன். நாங்கள் வாயால் போட்ட சண்டையை இவர்கள் எழுதிப் போடுகிறார்கள். வேறு வித்தியாசம் இல்லை.

மிஷின் சூடாகும்போது ஒரு வயர் வாசனை வரும். பாய் கடையிலும் அதே வாசனைதான், கூடவே கொஞ்சம் அத்தர். ஸ்டேஷன் போகிற ரோட்டில், தையல் கடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. ஒரு டிவி, ஒரு கேம் பெட்டி, இரண்டு ரிமோட். பர்மா பஜாரில் வாங்கிய டிஸ்க். எழுத்தெல்லாம் ஜப்பான் பாஷை. எங்களுக்கு இங்கிலீஷே தடுமாற்றம். அதனால் ஆட்களுக்கு நாங்களே பேர் வைத்தோம். வெள்ளைமுடி. குடைக்காரி. வாயே திறக்காமல் சண்டை போடுகிற ஒருத்தனுக்கு ஊமையன். நெற்றியில் பட்டை மாதிரி ஏதோ இருந்த கிழவனுக்குக் குருக்கள்.

யார் பெரிய ஆள் என்று பேச ஆரம்பித்தால் முடியாது. மூர்த்திக்கு வெள்ளைமுடிதான். "ஓடி வந்து ஒரு அடி. எவனாருந்தாலும் காலி" என்பான். நான் ஊமையன் கட்சி. அன்பு ஒவ்வொரு நாள் ஒவ்வொருவரை எடுப்பான். கடைசியில் குடைக்காரியிடம் வந்து நின்றான்.

"ஏன்டா அவள எடுக்குற? பொம்பளன்னா?" என்று மூர்த்தி கேட்டான்.

"போடா. அவதான் வேகம். அடி பலமா எறங்கலன்னாலும் நாலு அடி சேத்து அடிக்கலாம்ல?"

அவன் கருத்து எப்போதும் அதுதான். அடி இறங்கவில்லை. "நான் அடிச்சா பஞ்சால அடிச்ச மாதிரி இருக்குடா. இவன் தொட்டா நான் உழுந்துடுறேன். இந்த கேம்ல என்னமோ நியாயம் இல்ல" என்பான். நாங்கள் சிரிப்போம். "மில்லுல மூட்ட தூக்குறவனுக்கு அடி எறங்கலியாம்" என்று பாயும் சேர்ந்துகொள்வார்.

கடையில் ஒரு வழக்கம் இருந்தது. முதலில் வந்தவனுக்கு ஒன்றாம் நம்பர் ரிமோட். ஜெயிக்கிறவரைக்கும் அவன் எழுந்திருக்க வேண்டாம். என் வீடு பக்கம். நான்தான் முதலில் போவேன். அன்பு மில்லில் நெல் அவித்துக் கொட்டிவிட்டு, தவிடு ஒட்டிய தலையோடு கடைசியாகச் சைக்கிளில் வருவான். "கையத் தொடச்சுட்டுத் தொடு தம்பி" என்பார் பாய். சட்டையில் துடைத்துக்கொண்டு இரண்டாம் நம்பர் ரிமோட்டை எடுப்பான். மூர்த்தியும் நானும் சில நாள் அதில் ஆடித் தோற்றிருக்கிறோம். ராசியில்லாத ரிமோட் என்று பேர். "ராசியாவது ஒண்ணாவது" என்பான் அன்பு.

பாய் தினமும் கடை திறந்ததும் ஒரு பக்கத்தைத் திறந்து சத்தத்தைக் குறைப்பார். தையல் கடைக்காரர் சண்டைக்கு வருவார் என்பதால். அந்தப் பக்கத்தில் மேலும் கீழுமாக நிறையக் கோடுகள். கீழே இரண்டு கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். டிவிக்கு இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் வைத்திருந்தார். வலது ஸ்பீக்கர் ஒருநாள் கரகரத்தது. நானும் கூட இருந்தேன். பாய் அந்த இரண்டு கோடுகளில் வலது பக்கத்துக் கோட்டைப் பாதியாகக் குறைத்தார். ஸ்பீக்கர் மண்டையில் ஒரு தட்டும் தட்டினார். கரகரப்பு நின்றது. "பாத்தியா, இது சோத்துக்கை ஸ்பீக்கர்" என்றார். அன்றிலிருந்து தினமும் சத்தத்தோடு அந்தக் கோட்டையும் பாதியாகக் குறைப்பார்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். பாய் கும்பகோணத்தில் இன்னொரு கடை போடுவதாக இருந்தார்.

"அதப் பாத்துக்க ஒரு ஆள் வேணும். கேம் தெரிஞ்சவனா இருக்கணும். உங்கள்ல யாருப்பா கெட்டிக்காரன்?" என்று கேட்டார்.

மூர்த்தி என்னைக் காட்டினான். அவன் அப்பாவின் மளிகைக் கடை இருந்தது, அவனுக்கு வேலை வேண்டாம். அன்பு மட்டும், "ஆடிப் பாத்துடுவோமே பாய்" என்றான்.

அவன் பாஸ்போர்ட் அப்போது ஏஜெண்டிடம் இருந்தது. துபாய்ப் பக்கம் கட்டட வேலை. "இது கெடச்சா பாஸ்போர்ட்ட திருப்பி வாங்கிடுவேன்டா. அம்மா தெனம் அழுவுது" என்று முந்தின நாள் என்னிடம் சொல்லியிருந்தான். எனக்கும் வேலை இல்லை. அதுவும் அவனுக்குத் தெரியும்.

ஐந்து ஆட்டம் என்று பேச்சு. "எந்த ரிமோட் வேணும், இன்னிக்கு நீ சொல்லு" என்று பாய் அன்பைத்தான் கேட்டார்.

"இதான் பாய் எனக்குப் பழக்கம். கையோட ஒட்டிக்கிச்சு" என்று இரண்டாம் நம்பரை எடுத்தான்.

அன்று அவன் ஆடியதுபோல் யாரும் ஆடி நான் பார்த்ததில்லை. குடைக்காரி தரையில் நிற்கவே இல்லை. நான் ஒரு அடி வைப்பதற்குள் அவன் நாலு வைத்தான். மூர்த்தி என் ஆள் என்பதை மறந்து, "அப்படித்தான்டா அன்பு" என்று கத்தினான். தையல் கடைக்காரர் வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திட்டாமல் நின்றார். கடைசி ஆட்டம் வரை போனது. கடைசியில் என் ஊமையனுக்கு ஒரு துளி உயிர் மிச்சம். அன்பு அடித்தான், அது போகவில்லை. நான் தொட்டேன், குடைக்காரி விழுந்தாள்.

அன்பு திரையையே கொஞ்ச நேரம் பார்த்தான். வயரை ரிமோட்டில் சுற்றி, எப்போதும் போல் ஓரமாக வைத்தான். பிறகு என்னைப் பார்த்து, "கும்போணத்துக்கு சோறு கட்டிட்டுப் போடா. அங்க ஓட்டல்ல ஒனக்கு ஒத்துக்காது" என்றான். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பங்குனியில் விமானம் ஏறினான். ஒரு தடவை ஊருக்கு வந்து போனான். மறுதடவை பெட்டியில் வந்தான். வெயிலில் விழுந்துவிட்டான் என்றார்கள். திருச்சி ஏர்போர்ட்டுக்கு மூர்த்தியும் நானும் வேன் பிடித்துக்கொண்டு போனோம். பெட்டியின் மேல் அவன் பேர் இங்கிலீஷில் இருந்தது. மூர்த்தி எழுத்துக் கூட்டிப் படித்தான். சரிதான் என்றேன்.

போன வாரம் அந்த வீடியோவில் ஆடிக் காட்டியவர் ஒரு பக்கத்தைத் திறந்தார். மேலும் கீழும் கோடுகள். கீழே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கோடுகள். இப்போது எழுத்து இங்கிலீஷில் இருந்தது.

"இது ரெண்டு பேரோட பலம். எடது கோடு ஒண்ணாம் நம்பர் ரிமோட்டுக்கு, வலது ரெண்டாம் நம்பருக்கு. ஒருத்தருக்குக் கொறச்சு வச்சா அவர் அடிக்கிற அடி பாதிதான் எறங்கும். புதுசா கத்துக்கிறவங்களோட ஆடும்போது நாம நமக்குக் கொறச்சு வச்சுக்கலாம்" என்றார்.

நிறுத்தினேன். திரும்பப் போட்டுப் பார்த்தேன். அதே பக்கம்தான்.

"பனி காஞ்சிடுச்சு. எறக்கலாமா?" என்று வயல்காரர் கூப்பிட்டார். எறக்கலாம் என்றேன். மத்தியானம் வரை அறுத்தேன். மிஷினில் லீவரைப் பிடிக்கிற கை, அன்று ரிமோட்டைப் பிடித்த அதே கைதான்.

கும்பகோணம் கடையை நான்தான் பார்த்துக்கொண்டேன். ரொம்ப நாள் ஓடவில்லை. எல்லார் கையிலும் போன் வந்தது, ஆட வருகிறவர்கள் நின்றுபோனார்கள். அய்யம்பேட்டைக் கடை இருந்த இடத்தில் இப்போது உரக்கடை. தையல் கடையும் இல்லை. பாய் நாகூரில் மகள் வீட்டில் இருக்கிறார், கண் தெரியவில்லை. அவரிடம் சொல்லப்போவதில்லை. அன்பின் அம்மா அதே வீட்டில்தான் இருக்கிறார். அவரிடமும் இல்லை. ரிமோட் இரண்டும் எங்கே போயின என்று தெரியாது.

சாப்பாட்டு நேரத்தில் மூர்த்திக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கடையில் யாருக்கோ சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தான். சத்தம் நின்றது.

"அப்ப அவன் சொன்னது நெசந்தானாடா? அடி எறங்கலன்னு?"

"நெசம்தான்."

"நாம சிரிச்சோமேடா."

அவன் சில்லறையைக் கொடுத்து அந்த ஆளை அனுப்பினான். அப்புறம், "அன்னிக்கு எத்தனைக்கு எத்தனைடா?" என்று கேட்டான். அவனுக்குத் தெரியாமல் இல்லை.

"மூணுக்கு ரெண்டு."