பழுப்பு ஏறாத ஸ்லைடு

மெழுகில் உறைந்த சதைத்துணுக்கைச் சீவும்போது மரியம் மூச்சை அடக்கிக்கொள்வாள். முடியைவிட மெல்லிய சீவல் வெதுவெதுப்பான நீரில் மிதக்கும். கண்ணாடி ஸ்லைடை அடியில் கொடுத்து ஏந்துவாள். யாராவது ஃபேன் ஸ்விட்சைத் தொட்டால் போதும், சீறுவாள். "பறந்து பூடுச்சுன்னா அந்த மன்சன்கிட்ட இன்னொரு துண்டு போய்க் கேப்பியா?"

புற்றுநோய் ஆய்வகத்தில் பத்தொன்பது வருடம். இன்னும் துணுக்கு என்று சொல்ல வாய் வராது. "மூணு ஆளு முட்ஞ்சுது, ரெண்டு ஆளு கீது" என்பாள்.

போன வாரம் வந்த ஆள் அவள் கீழ்வீட்டு லியோனார்ட். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். நுரையீரலில் கட்டி. உடம்பின் எதிர்ப்புச் செல்களைத் தூண்டிவிடும் ஊசியில் எட்டு மாதம் சுருங்கி வந்தது. பிறகு மளமளவென்று வளர்ந்துவிட்டது. அதனால் மறுபடியும் சதை எடுத்திருந்தார்கள்.

தன்னை இன்னாரென்று காட்டிக்கொள்ள ஒவ்வொரு செல்லும் மேலே ஒரு புரதத்தை வைத்திருக்கும். அது இருந்தால் சாயம் பழுப்பாக ஏறும். முதல்முறை எடுத்த சதையில் ஏறியது. இப்போது ரத்தக்குழாய் மட்டும் பழுப்பு. கட்டி முழுக்க வெளிறிய நீலம். மரியம் சாயத்தைக் குற்றம் சொன்னாள். புதுப்புட்டி திறந்தாள். மூன்றுமுறை செய்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

"அந்தப் புரதத்தோட மரபணு கெட்டுப் போகல, மரியம்," என்றார் லியோனார்டுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் கீர்த்தி. "அது மேல வேதிப்பூச்சு ஏறி அணைஞ்சு கிடக்கு. புரதம் வெளிய வரல. எதிர்ப்புச் செல் பக்கத்துல வந்தும் அடையாளம் தெரியாம போயிடுது. இனிமே ஊசி போட்டுப் பிரயோஜனமில்ல."

"பூச்ச எடுக்க மருந்து கீதுன்னு சொன்னீங்களே மேடம்?"

"ஆராய்ச்சிலதான் இருக்கு. இவரு உடம்பு தாங்காது. நாளைக்கு வரச் சொல்லியிருக்கேன், நானே பேசறேன்."

சாயங்காலம் விம்கோ நகரில் ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தபோது லியோனார்ட் மாடிப்படியில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, என் ரிசல்ட்டு வந்துச்சா?"

"டாக்டரு நாளைக்கு சொல்லுவாங்க அங்கிள்."

 அவர் சட்டையைச் சுருட்டிவிட்டு இடது கையை நீட்டினார். "இந்த தபா ஊசிய இதுல குத்தச் சொல்லும்மா. அந்தக் கை வீங்கிகினு கீது. இதுல நரம்பு கெடைக்குமா பாரு."

யாருக்கும் ஊசி போட்டறியாத மரியம், பையைப் படியில் வைத்துவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். முழங்கை மடிப்பில் விரலால் தடவித் தடவி நரம்பு தேடினாள்.