பீர் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டிய அம்மா

ஆஸ்திரேலியாவில், டண்டினொங்கில் நான் வேலைக்குப் போகும் தெருவில் சின்னதாக ஒரு பீர் ஆலை வந்திருக்கிறது. வெந்த பார்லியின் அந்த இனிப்பும் புளிப்புமான வாசனை வரும்போதெல்லாம் என் கால் தானாக நின்றுவிடுகிறது. சைகோனில் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய பீர் ஆலையும், ஈரத் தரையும், ஒன்றோடொன்று இடித்தபடி நகரும் பாட்டில்களின் ஓயாத சத்தமும், கப்பலேறப் போகும் அந்தப் பாட்டில்களுக்கு நாளெல்லாம் லேபிள் ஒட்டி, பசை காய்ந்து தோல் உரிந்த அம்மாவின் விரல்களும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. அம்மா வியட்நாம்காரி. அப்பா அங்கே வாசல் காவலுக்கு இருந்த பாண்டிச்சேரித் தமிழர்.

வியட்நாம் போர் முடியும் தறுவாயில் அப்பா என்னைப் பாண்டிச்சேரிக்குக் கூட்டி வந்துவிட்டார். படுக்கையில் கிடந்த தன் தாயை விட்டு வர முடியாமல் அம்மா அங்கேயே நின்றுவிட்டாள். நாங்கள் கிளம்பிய அன்று ஆலை வாசலில் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து ஏதோ சொன்னாள்.

"அம்மா எப்பப்பா வருவா?"

"சீக்கிரம் வந்துடுவாம்மா."

அம்மா வரவில்லை, ஒரு தகவலும் வரவில்லை. பேச ஆளில்லாமல் அவள் பாஷையும் என்னைவிட்டுப் போய்விட்டது. வாசலில் சொன்னதன் ஓசை மட்டும் தங்கியிருக்கிறது.

போன வாரம் இங்கே மீன் கடை வைத்திருக்கும் வியட்நாம் அக்காவிடம் அதைச் சொல்லிக் காட்டி அர்த்தம் கேட்டேன். திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாள். கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க பாஷை மாதிரிதான் இருக்கு. ஆனா வார்த்தை ஒண்ணுமே புரியல" என்றாள்.

நான் இன்னும் மெதுவாக, மறுபடியும் சொன்னேன்.