எங்கள் அக்கா ஒயரிங்கில் தவறு செய்யவில்லை

அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறையும் இந்த நாளில் வீடு தேடி வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். தம்பியாகிய என்னை எழுதச் சொன்னவர் அக்காவின் கணவர், எங்கள் மாமா. "நல்லதா நாலு வார்த்தை எழுதுப்பா" என்றார். நல்லதைத்தான் எழுதப்போகிறேன். படித்துவிட்டுச் சிலருக்குக் கோபம் வரலாம். வரட்டும். எனக்கு ஓராண்டாக வந்துகொண்டிருக்கிறது.

அக்கா பிறந்தது பெரணமல்லூரில். அவர் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தபோது அப்பா காலமானார். எனக்கு அப்போது ஒன்பது வயது. விடுதியில் தனக்குக் கிடைத்த உதவித்தொகையில் எனக்குச் செருப்பு வாங்கி வந்தவர் அவர். படிப்பு முடிந்ததும் ஆரணி தொலைபேசி நிலையத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்தார். முப்பது ஆண்டுகள் அங்கேதான். மழையில் ஊரே போன் இல்லாமல் கிடந்த நாட்களில், கேபிள் குழியில் இறங்கி ஆயிரம் ஒயர்களுக்கு நடுவே அறுந்த ஒன்றைப் பிடித்து இழுத்து, "இதுதான்" என்பார். அது அதுவாகத்தான் இருக்கும். பட்டுச் சேலை வியாபாரம் செய்யும் மாமாவை மணந்த பிறகும் அந்த வேலையை விடவில்லை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான்தான் இருந்தேன்.

அந்தக் கார் கதை எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்தது பாதி. அந்தப் பாதியும் தப்பு.

தேசூர் பக்கம் ஒரு பண்ணை வீட்டில் லைன் பழுது பார்க்கப் போனபோது, மாட்டுக் கொட்டகையில் புண்ணாக்கு மூட்டைகளுக்கு அடியில் அக்கா அதைப் பார்த்திருக்கிறார். இங்கிலாந்தில் செய்த சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார். கூரையை மடக்கலாம். இரண்டே பேர்தான் உட்காரலாம். பண்ணைக்காரரின் அப்பா இளவயதில் ஓட்டியதாம். பல ஆண்டுகள் கழித்து ஓய்வு பெற்ற மறுவாரமே அக்கா திரும்பப் போனார். கார் அங்கேயே இருந்தது. லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அன்று நம் சித்தப்பா சொன்னதை நான் மறக்கவில்லை. "இன்னாம்மா இது? நகை வாங்கியிருந்தா கழுத்துலயாவது போட்டுகினு போவலாம். இத்த எங்க போட்டுகினு போறது?"

"இதுல நாங்க போவோம் சித்தப்பா" என்றார் அக்கா.

அதைத்தான் அவர் விரும்பினார். பழைய காரைப் பளபளப்பாக்கிப் பூட்டிவைத்துப் பார்த்துக்கொண்டிருக்க அல்ல. மாமாவைப் பக்கத்தில் உட்காரவைத்து வேலூர் வரை ஓட்டிப் போக. இன்றைய சாலையில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் பழைய பிரேக்கை நம்பிப் போக முடியாது. பழைய டைனமோவின் மின்சாரத்தில் விளக்கு எரிந்தால், இயந்திரத்தைக் குளிர்விக்க வைக்கும் மின்விசிறி ஓடாது. அதனால் பிரேக்கை மாற்ற வேண்டும், டைனமோவை எடுத்துவிட்டு கூடுதல் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் வைக்க வேண்டும், சீட் பெல்ட் வேண்டும் என்று முடிவு செய்தார். வீட்டு முன்புறக் கூடத்தையே பட்டறையாக்கினார். மாமாவின் சேலைக் கட்டுகள் மாடிக்குப் போயின. மாமாதான் சுமந்து ஏற்றினார்.

முதல் தடங்கல் பிரேக்கில் வந்தது. டிஸ்க் பிரேக்குக்குச் சென்னைக் கடை ஒன்றில் சொல்லிவைத்திருந்தார். சக்கரத் தட்டை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் இரண்டு வந்தன. பிரித்துப் பார்த்ததும் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது, இரண்டுமே இடப்பக்கத்துக்கானவை. பிரேக் எண்ணெயில் சிக்கிய காற்றை வெளியேற்றும் திருகு மேலே இருக்க வேண்டும். இதை வலப்பக்கம் மாட்டினால் திருகு அடிக்குப் போய்விடும், காற்று உள்ளேயே தங்கிவிடும், பிரேக் மிதித்தால் பஞ்சுபோல் அமுங்கும். கடைக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"மேடம், லெஃப்ட்டு ரைட்டு ரெண்டும் ஒன்னுதான். மெக்கானிக் கையில குடுங்க, அவருக்குத் தெரியும்."

"மெக்கானிக் நான்தாங்க."

"வீட்ல சார் இருந்தா போனைக் குடுங்க மேடம்."

மாமா போனை வாங்கினார். "எனக்குச் சேலையில முந்தானை எது, உடம்பு எதுன்னுதாங்க தெரியும். லெஃப்ட்டு ரைட்டு அவங்களுக்குத்தான் தெரியும். அவங்ககிட்டயே பேசுங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அப்படியும் அந்தக் கடைக்காரர் மூன்று மாதம் இழுத்தடித்தார். கடைசியில் வேறு ஊர்க் கடையில் வாங்கினோம். இரண்டுமே இடப்பக்கத்துப் பாகம் என்று சொல்ல ஒரு பெண்ணுக்குக் கண் போதாதா? இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்ததுதான் நீங்கள் எல்லோரும் பேசியது.

அந்தக் காலத்து இங்கிலாந்துக் கார்களில் பேட்டரியின் பிளஸ் முனையைத்தான் வண்டியின் உடம்போடு சேர்த்திருப்பார்கள். இப்போதுள்ள வண்டிகளில் மைனஸ். ஆல்டர்னேட்டரும் மைனஸ் முறைக்குத்தான் வேலை செய்யும். ஆகவே முதலில் ஆல்டர்னேட்டரை அதன் இடத்தில் பொருத்த வேண்டும், பிறகு மீட்டர்களை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும், எல்லாம் முடிந்த பிறகே பேட்டரியை முனை மாற்றி, மைனஸ் உடம்போடு சேரும்படி இணைக்க வேண்டும். அக்கா இதை நான்கு தாள்களில் படமாக வரைந்து சுவரில் ஒட்டியிருந்தார். இயந்திரத்துக்கு அடியில் படுத்து முறுக்கத் தோள்வலி இடம் தராததால், ஆல்டர்னேட்டரைப் பொருத்த மட்டும் வெளியூரிலிருந்து ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனை வரவழைத்தார். அவர் பெயரை எழுத மாட்டேன்.

அன்று பக்கத்துத் தெருவில் ஒரு சாவு. அக்கா தலையைக் காட்டிவிட்டு வரக் கிளம்பினார். வாசலில் நின்று என்னிடம் சொன்னார்: "போல்ட்டு மாட்டட்டும், ஒயரும் மாட்டட்டும். பேட்டரியை மட்டும் தொட வாணாம்னு சொல்லு. நான் வந்துதான் தொடணும்."

நான் தலையாட்டினேன்.

அவர் போய் அரைமணி ஆகியிருக்கும். எலக்ட்ரீஷியன் கையைத் துடைத்துக்கொண்டே, "சார், டைம் ஆவுது. ஜல்தியா ஒருதபா ஸ்டார்ட் பண்ணிப் பாத்துட்டுக் கெளம்பறேன்" என்றார்.

"அக்கா வந்துடட்டுமே" என்றேன்.

"இதுல அவங்க வந்து இன்னா சார் பண்ணப் போறாங்க?"

நான் பேசாமல் இருந்துவிட்டேன். அவர் பேட்டரியைப் பழையபடியே, பிளஸ்ஸை உடம்போடு சேர்த்து இணைத்தார். சாவியைத் திருப்பக்கூட இல்லை. ஆல்டர்னேட்டரிலிருந்து பட்டென்று ஒரு சத்தம். தடித்த ஒயர் பழுத்துச் சிவந்தது. அதன் பக்கத்திலிருந்த ஒயர்க் கட்டு முழுவதும் புகைந்து, உருகி ஒட்டிக்கொண்டது. தெருவே கூடி மணலைக் கொட்டியது. அக்கா ஓடிவந்து வாசலில் நின்றபோது எலக்ட்ரீஷியன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஒயரிங்கே தப்பும்மா! பிளஸ்ஸப் போயி யாராச்சும் பாடிக்குக் குடுப்பாங்களா?"

"எங்க எக்ஸ்சேஞ்சுல முப்பது வருஷமா பிளஸ்தான்பா எர்த்து" என்றார் அக்கா. தொலைபேசி நிலையங்களில் பிளஸ் முனையைத்தான் தரையோடு இணைப்பார்கள்; அந்தக் கூட்டத்தில் யாருக்கும் அது புரியவில்லை. புரிந்துகொள்ள வேண்டும் என்றும் யாரும் நினைக்கவில்லை.

மறுநாளிலிருந்து ஊர்ப் பேச்சு தொடங்கியது. ரிட்டயர் ஆன அம்மா ஏதோ ஒயரை மாற்றிக் கொடுத்து வண்டியைக் கொளுத்திவிட்டார், வீடு பிழைத்ததே பெரிது, என்று கல்யாணப் பந்தியில் பேசினீர்கள். சித்தப்பா மாமாவைக் கூப்பிட்டு, "வாணாம்யா இந்தப் பேஜாரு, எடைக்குப் போட்டுடு" என்றார். அக்கா பரிமாறிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். நானும் கேட்டேன். பேட்டரியைத் தொடக்கூடாது என்று அவர் சொல்லிவிட்டுப் போனதும், நான் தடுக்காமல் நின்றதும் என் ஒருவனுக்குத்தான் தெரியும். நான் வாய் திறக்கவில்லை. உங்கள் மீது வரும் கோபத்தைவிட எனக்கு என் மீது வரும் கோபம் பெரிது. அதை இந்த மலரில் அச்சில் வைக்கிறேன். தப்பு செய்தவர் அந்த எலக்ட்ரீஷியன். அதற்கு இடம்கொடுத்தவன் நான். அக்கா செய்த தப்பு அதில் ஒன்றுமே இல்லை.

அக்கா ஏழு மாதம் எடுத்துக்கொண்டு முழு ஒயரிங்கையும் தன் கையாலேயே புதிதாகச் செய்தார். கூடத்தில் பாய் விரித்து, ஒயர்களை நீளமாகப் பரப்பி, ஒவ்வொரு முனையிலும் எண் எழுதிய சீட்டைக் கட்டினார். ஒருநாள் பிற்பகல் நான் போனபோது நிமிராமலேயே கேட்டார்: "நீ அங்கதான நின்னுகினு இருந்த?"

"ஆமாங்க்கா."

கையிலிருந்த சீட்டைக் கட்டி முடித்தார். பிறகு, "சரி, அந்த டார்ச்சை இப்படிப் புடி" என்றார். அதோடு சரி. அதன் பிறகு ஒருபோதும் அதை எடுத்ததில்லை.

கார் தயாரானது. மாமாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டு உட்காரவைத்து, பின்னால் நான் பைக்கில் வர, வேலூருக்குப் புறப்பட்டார். கண்ணமங்கலம் வரும்போது இயந்திரம் கொதித்து ஆவி கிளம்பியது. பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் நிறுத்தினார். கூட்டம் சேர்ந்தது. ஒரு பெரியவர், "ஆம்பளைங்க ஓட்ற வண்டிம்மா இது" என்று அறிவுரை சொன்னார். நான் சண்டைக்குப் போனேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு காகிதத்தை நீட்டிப் பார்த்தார். காகிதம் உள்ளே இழுபடாமல் வெளியே பறந்தது. புதிதாக வைத்த மின்விசிறி தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"இது என் தப்பு" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "ரெண்டு ஒயரை மாத்தி மாட்டியிருக்கேன். பத்து நிமிஷம் குடுங்க."

விசிறியின் இரண்டு ஒயர்களையும் மாற்றினார், சூடு ஆறும்வரை காத்திருந்து தண்ணீர் ஊற்றினார், மாமாவுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார். வேலூர் போய்ச் சேர்ந்தோம். செய்த தப்பை நடுத்தெருவில் நின்று ஒப்புக்கொண்டவர், அந்த வண்டிக் கதையில் வந்த அத்தனை பேரிலும் அவர் ஒருவர்தான்.

அதற்குப் பிறகு ஒரு பழைய கார் அணிவகுப்புக்குப் போனார். நுழைவிடத்தில் இருந்தவர் பிரேக்கைக் குனிந்து பார்த்துவிட்டு, "ஒரிஜினலைக் கெடுத்துட்டீங்களே மேடம்" என்று வரிசையில் சேர்க்க மறுத்தார். அக்கா அங்கே நின்ற கார்களை ஒருமுறை பார்த்தார். "நீங்கல்லாம் லாரியில ஏத்திகினு வந்தீங்க. நான் ஓட்டிகினு வந்தேன்" என்று சொல்லிவிட்டு, மாமாவோடு தோசை சாப்பிட்டுத் திரும்பினார்.

இரண்டரை ஆண்டுகள் அப்படி ஓடின. பிறகு வயிற்றில் வலி வந்தது. எங்கே வலிக்கிறது, எப்போது, எவ்வளவு நேரம் என்று நாள்வாரியாக எழுதி எடுத்துக்கொண்டு போனார். பார்த்த மருத்துவர் அந்தத் தாளைப் படிக்காமலேயே வாயு என்று மாத்திரை எழுதினார். ஐந்து மாதம் வாயு மாத்திரை. பித்தப்பையில் கட்டி என்று வேறோர் இடத்தில் தெரிந்தபோது காலம் கடந்திருந்தது.

அந்தத் தாளைப் படிக்காதவரைப் பற்றி உங்களில் யாரும் பேசவில்லை. "பெட்ரோல் வாசனையில கெடந்தாங்க, அதான்" என்று பேசினீர்கள். சாவு வீட்டில், அவர் உடல் கூடத்தில் இருக்கும்போதே பேசினீர்கள். கடைசியில் சிகிச்சை அளித்த மருத்துவரிடம் நான் நேராகவே கேட்டேன். "அப்படிச் சொல்ல எந்த முகாந்திரமும் இல்லைங்க. அவங்க மேல பழி போடாதீங்க" என்றார். இனி யாரும் சொல்ல வேண்டாம். சொன்னால், இந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுவேன்.

கடைசி வாரத்தில் பேச்சு குறைந்துவிட்டது. மாமா கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் மதியம் அக்கா கண் திறந்து, "டயர்ல காத்து இறங்கியிருக்கும், பாத்துக்கோங்க" என்றார். அதுதான் நாங்கள் தெளிவாகக் கேட்ட கடைசி வார்த்தை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். ஆல்டர்னேட்டரைத் தாங்கும் பட்டையை, அக்கா கொடுத்த அளவு எதையும் திருத்தாமல், "அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று கடைந்து கொடுத்த லேத் பட்டறைக்காரருக்கு. ஆம்புலன்ஸ் உள்ளே வர, நெசவுக்காகத் தெருவில் நீட்டியிருந்த பட்டுப் பாவு நூலைப் பாதியிலேயே சுருட்டி வழிவிட்ட எதிர்வீட்டுக் குடும்பத்துக்கு. அன்று அவர்களுக்கு ஒரு நாள் வேலை கெட்டது, இன்றுவரை அதைப் பற்றிப் பேசியதில்லை. அக்காவின் தலையை நாள்தோறும் வாரிப் பின்னிவிட்ட செவிலியருக்கு. இவர்களுக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

காரை விலைக்குக் கேட்டு இன்னும் போன் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது விற்பனைக்கு இல்லை. அறுபத்தெட்டு வயதில் மாமா ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறார். கிளட்சை விடும்போது வண்டி குதித்து நின்றுவிடுகிறது. மறுபடி ஸ்டார்ட் செய்ய அவருக்குச் சற்று நேரம் ஆகும். பின்னால் வருபவர்கள் தயவுசெய்து ஹாரன் அடிக்க வேண்டாம்.