அஞ்சு விரல் இல்லாத ட்ரோன்

அப்பா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். "வெள்ளாம செய்யுத ஒரு சம்சாரியாவது உன்ன ரெண்டாந்தடவ வேலைக்குக் கூப்பிடட்டும், நீ இங்கனயே இருந்துக்கோ. இல்லன்னா வெள்ளிக்கிழம சாயங்காலம் ரயில் ஏறிரணும், பாத்துக்க." சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்து உரத்துக்கு விளம்பரம் எழுதும் வேலை எனக்காகக் காத்திருந்தது. டிக்கெட்டையும் அவரே எடுத்து வைத்துவிட்டார்.

நான் விவசாயம் படித்தவள். எங்கள் ஊர் உழவர் குழு மருந்தடிக்க ஒரு ட்ரோன் வாங்கியபோது, பயிற்சி எடுத்து அதை ஓட்டும் வேலையைப் பிடித்துக்கொண்டேன். என்னோடு படித்தவள் ஒருத்தி கீழப்பாவூரில் குழித்தட்டில் நாற்று வளர்த்து விற்கிறாள். இன்னொருவன் காய்கறியைத் தரம் பிரித்துப் புளியறை வழியாகக் கேரளாவுக்கு லாரி ஏற்றுகிறான். விதைப்பை அவள் எடுத்துக்கொண்டாள், அறுப்பை அவன் எடுத்துக்கொண்டான். நடுவில் வானம் சும்மாதானே கிடந்தது?

முதல் தடவை கூப்பிட ஆளுக்குக் குறைவில்லை. குற்றாலத்தில் தண்ணீர் விழுந்தால் கூடுகிற மாதிரி, நான் ட்ரோனை இறக்கினால் வரப்பில் கூட்டம் கூடியது. புது வண்டி என்றால் எலுமிச்சம்பழம் நசுக்காமல் கிளப்பக் கூடாதே. சக்கரமே இல்லாத வண்டி எப்படி நசுக்கும் என்று அரைமணி நேரம் விவாதம் நடந்தது. கடைசியில் நாலு காலுக்கும் கீழே நாலு பழத்தை வைத்தார்கள். கற்பூரத்தையும் கொளுத்தப் போனார்கள். பேட்டரி வெடிக்கும் என்று நான் கத்திய பிறகுதான் விட்டார்கள். எல்லாரும் செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஒருவர்கூட மறுபடி கூப்பிடவில்லை.

ஏன் என்று அப்பா சொன்ன வெள்ளிக்கு முந்தின செவ்வாய்க்கிழமைதான் விளங்கியது. செங்கோட்டைப் பக்கம் நெல் போட்டிருந்த ஒரு அண்ணாச்சி போனில் கொதித்தார். "ஏட்டி, ஒங்க யந்திரம் அடிச்சு பயிரெல்லாம் நுனி கருகிட்டு. வந்து பாரு!" இந்தப் பேச்சு ஊருக்குள் பரவினால் சென்னைதான். எனக்கோ அங்கே போகக் கொஞ்சமும் மனசில்லை.

போய்ப் பார்த்தேன். கருகித்தான் இருந்தது. ஆனால் வயல் சேற்றில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் காலடித் தடம், வரிசை வரிசையாக.

"அண்ணாச்சி, எங்க ட்ரோனுக்கு நாலு கால் உண்டு. ஆனா ஒரு கால்லகூட அஞ்சு விரல் கிடையாதே?"

அண்ணாச்சி மேற்கே மலையைப் பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "எல நனையவே இல்லியேட்டி. மருந்தடிச்சா சொட்டணும்லா? நீ சும்மா ஒரு சுத்து சுத்திட்டுப் போயிட்டன்னு நெனச்சு, மறுநாள் ஆளு வச்சு, முதுகுல மாட்டுத டேங்குல ஒருக்கா அடிச்சேன்."

ஒரே மருந்து ரெண்டு தடவை விழுந்தால் நுனி கருகத்தானே செய்யும்? மற்றவர்களும் இதையேதான் செய்திருப்பார்கள்! காலங்காலமாகச் சொட்டுவதைப் பார்த்தே மருந்தை அளந்தவர்கள். ட்ரோன் விடுவதோ பனி மாதிரிப் பொடித்துளி. அது இலையிலேயே ஒட்டிக்கொள்ளும், சொட்டாது. இதை வாயால் சொன்னால் நம்புகிற ஆளா அவர்? அவருடைய பைக் பெட்டியில் கோயிலுக்குக் கட்டிக்கொண்டு போக ஒரு சலவை வேட்டி இருந்தது. அதன் மேல் எனக்குக் கண் விழுந்தது.

"நாளைக்குக் காலைல இத எனக்குத் தாங்க. நிரூபிச்சுக் காட்டுதேன்."

"வேட்டிக்கு ஒண்ணும் ஆவாதுல்லா?"

"சொட்டு நீலம்தான் அண்ணாச்சி. எப்படியும் வேட்டிக்கு நீலம் போடணும்லா?"

புதன்கிழமை, காற்று கிளம்பும் முன்னே, மருந்தில்லாத வெறும் தண்ணீரில் ஒரு பாட்டில் நீலத்தைக் கவிழ்த்தேன். அண்ணாச்சியும் நானும் மட்டும்தான். வயல் ஓரத்துத் தென்னைக்குப் பக்கத்தில் நாலு குச்சி நட்டு வேட்டியை விரித்துக் கட்டினோம். ட்ரோன் ஒரு தடவை மேலே போய் வந்தது. வேட்டி மேல் கடுகளவு நீலப்புள்ளி, நெருக்கமாக. அண்ணாச்சி விரலை வைத்து எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார். வேட்டியை அவிழ்த்து மடித்து, பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். வேட்டி போன கோபமோ என்று பயந்தேன்.

வியாழக்கிழமை போன் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் பெட்டியைக் கட்டினேன். அப்பா பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்போது வாசலில் பைக் சத்தம். அந்தப் புள்ளி வேட்டியையே கட்டிக்கொண்டு அண்ணாச்சி இறங்கினார். அதோடு டீக்கடைக்கெல்லாம் போய்க் காட்டிவிட்டு வந்திருக்கிறார் மனுஷன். "என் தம்பிக்கும் ரெண்டு ஏக்கர் கெடக்கு. நாளைக்கு விடிஞ்சதும் வந்துரு தாயி. இந்த வாட்டி நான் டேங்கத் தொட மாட்டேன்."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. எழுந்து போய் அண்ணாச்சியைத் திருப்பி நிறுத்தி, ஜவுளிக் கடையில் துணி எடுக்கிறவர் மாதிரி வேட்டியைக் கையில் பிடித்து உற்றுப் பார்த்தார். ஒரு மூலையில் புள்ளி விழாத இடத்தில் அவர் விரல் நின்றது.

"தென்ன மரத்துக்குப் பயந்து ட்ரோன ஒசத்திட்ட. ஒரு சாண் விட்டுப் போச்சு பாரு. நாளைக்குக் கீழ எறக்கி ஓட்டு."

வேட்டி கட்டிய இடத்தில் தென்னை நின்றதை நானோ அண்ணாச்சியோ அவரிடம் சொல்லவே இல்லை. புதன்கிழமை எங்கே ஒளிந்து நின்று பார்த்தீர்கள் என்று நானும் கேட்கவில்லை.