நாளைக்கு அக்காவின் குண்டூசிகள்

தையல்கடையில் கட்டிங் மாஸ்டர் தொண்டையைச் செருமினாலே போதும், அக்காவின் கை தானாகக் குண்டூசி டப்பாவுக்குப் போய்விடும். நாலைந்தை எடுத்து உதடுகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு தையல் மெஷின்மேல் குனிந்துவிடுவாள். வாயில் ஊசியோடு பேசினால் ஆபத்து என்பது தையல்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தச் சாக்குக்குள் ஒளிந்துகொள்ளவும் இடமிருக்கிறது என்று கண்டுபிடித்தவள் அக்கா மட்டும்தான்.

மாஸ்டருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆனால் கடவுளை வம்புக்கு இழுக்காமல் அவருக்குக் கத்தரி ஓடாது. காலையில் பேண்ட் துணியை மேஜையில் விரித்து, சாக்கட்டியால் முதல் கோடு போடும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"ஏம்மா, ஆதாம் ஏவாளுக்கு உங்க ஆண்டவர் தோல்ல உடுப்பு செஞ்சு கொடுத்தாராமே? அளவு எடுத்தாரா, இல்ல கண் மதிப்பா? ஊசிக்கு எங்க போனாரு?"

"ம்ம்," என்பாள் அக்கா, ஊசிகளின் வழியாக.

"ம்ம்னா? எடுத்தாரா, எடுக்கலையா?"

அக்கா கையை ஆட்டுவாள். நாளைக்கு என்று அர்த்தம். வாடிக்கையாளர்களுக்கும் அவள் சொல்வது அதுதான். ஜிப் மாற்றணுமா, நாளைக்கு. கவுனுக்கு விளிம்பு அடிக்கணுமா, நாளைக்கு. தெருவே அவளுக்கு 'நாளைக்கு அக்கா' என்று பெயர் வைத்துவிட்டது. துணி சொன்ன நாளில் கிடைத்ததாகச் சரித்திரமே இல்லை. பதில் மட்டும் மறுநாள் டாணென்று வந்துவிடும். கடை பூட்டியதும் நேராகப் பாஸ்டர் வீட்டுக்குத்தான் போவாள். பாவம் அந்த மனிதர், அவள் தலையைக் கண்டதுமே மூக்குக்கண்ணாடியைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

"தானே செஞ்ச உடம்புக்கு அளவு எதுக்கு மாஸ்டர்?" மறுநாள் செருப்பைக் கழற்றும்போதே ஒப்பிப்பாள்.

"அது நேத்துக் கேள்வி. இன்னைக்கு வேற. நோவா பேழையில அந்துப்பூச்சியை எதுக்கு ஏத்தினாரு? நல்ல கம்பளியெல்லாம் நாசமாப் போறது அதாலதானே?"

மறுபடியும் டப்பா திறக்கும்.

இந்தக் கூத்துக்கு நடுவில் மாஸ்டரின் மனைவி நோயில் விழுந்தாள். அக்கா தினமும் அவள் பெயரைச் சொல்லி ஜெபித்தாள். அது மாஸ்டருக்கும் தெரியும். "விலாசத்தைச் சரியாச் சொன்னியா? பக்கத்து வீட்டுக்காரிக்குச் சுகமாகிடப் போவுது," என்று கிண்டலடிப்பார். வேண்டாம் என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.

அவள் பிழைக்கவில்லை.

காரியங்கள் முடிந்து மாஸ்டர் கடைக்குத் திரும்பினார். துணியை விரித்தார், கோடு போட்டார், வெட்டினார். கேள்வி மட்டும் வரவில்லை. அக்காவுக்கு அந்த மௌனம் தாங்கவில்லை. கேட்டால் தலைவலி, கேட்காவிட்டால் நெஞ்சுவலி என்று ஆகிவிட்டது. என்றைக்காவது அவர் கேட்கப்போவது எது என்றும் அவளுக்குத் தெரியும். பாஸ்டரிடம் முன்கூட்டியே பதிலைக் கேட்டு மனப்பாடமும் செய்துவிட்டாள். அவள் வாழ்க்கையில் சொன்ன தேதிக்கு முன்பே தயாரான சரக்கு அது ஒன்றுதான்.

"இன்னைக்கும் ஒண்ணும் இல்லையா மாஸ்டர்?" என்று ஒருநாள் அவளே வாயைக் கொடுத்தாள். கொடுத்த கையோடு பயந்துபோய் ஊசிகளையும் கடித்துக்கொண்டாள்.

கத்தரி நின்றது. மாஸ்டர் தலையைத் தூக்கவில்லை.

"நீ அவ பேரைச் சொல்லித்தானே வேண்டிக்கிட்டே? அப்புறம் ஏன்மா அவருக்குக் கேக்கலை?"

பதில் நாக்கு நுனியில் இருந்தது. நல்ல பதில்தான், பாஸ்டர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தது. அக்கா ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்தாள்.

"தெரியல மாஸ்டர்."

"நாளைக்குச் சொல்லுவியா?"

"மாட்டேன்." கடைசி ஊசியையும் அவள் டப்பாவில் போட்டாள். "எனக்கும் கோவம்தான். அவர்கிட்டயேதான் தினமும் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

மாஸ்டர் முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். அக்கா குண்டூசி டப்பாவை மூடினாள். எழுந்து போய், கட்டிங் மேஜையின் மறுகோடியில், தன் கைக்கு எட்டாத இடத்தில் அதை வைத்துவிட்டு, ஸ்டூலை அவர் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.