அந்தச் சனிக்கிழமைக்குத் தேதி போட்டவன்

ஒரு கிரிக்கெட் ஆட்டக்காரரைப் பற்றிப் பன்னிரண்டு வருஷமாகப் பத்திரிகைத் துண்டுகள் சேர்த்து வருகிறேன். தாராவியில் பிறந்து வளர்ந்த தமிழர் என்பதைத் தவிர அவருக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மாட்டுங்காவில் எங்கள் வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டு முழுவதும் அவர்தான். எந்த ஆட்டம், எந்த மைதானம், எந்தத் தேதி என்று கேட்டால் ஐந்து நிமிஷத்தில் எடுத்துத் தருவேன். அதில் எனக்கு ஒரு கர்வமும் இருந்தது.

அவருடைய மனைவி பிரிந்து போய்ப் போலீசில் புகார் கொடுத்தபோது என் கோப்புகள்தான் முதலில் குழம்பின. விளையாட்டுப் பக்கங்கள் அதைத் தொடவே இல்லை. ‘தனிப்பட்ட காரணங்களால் அணியில் இல்லை’ என்று ஒரு வரி, அவ்வளவுதான். புகார் நகரச் செய்திகளில் வந்தது, அதுவும் நடிகைகள் படத்துக்குப் பக்கத்தில். இரண்டு மாதம் கழித்து அவர் சதம் அடித்தார். புயலைத் தாண்டி வந்த வீரர் என்று எல்லாரும் எழுதினார்கள். என்ன புயல் என்று ஒருவரும் எழுதவில்லை. அந்தத் துண்டை எந்தக் கோப்பில் வைப்பது என்று தெரியாமல் ஒரு வாரம் மேஜைமேல் வைத்திருந்தேன்.

பிறகு ஒரு இந்திச் சேனலில் பேட்டி கொடுத்தார். ஒரு தடவை ஆட்டத்தை விட்டுவிட்டுப் போனாரே, ஏன் என்று கேட்டார்கள். “மகளுக்கு டெங்கு. அன்றைக்கு முழுக்க அவள் கட்டிலை விட்டு நகரவில்லை” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேட்டி எடுத்தவரும் துடைத்துக்கொண்டார். என் கண்ணிலும் நீர் வந்தது. இங்குள்ள தமிழ்ச் சங்கத்து மாத இதழில் அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன்.

இதழ் வெளிவந்து சில மாதங்களுக்குப் பின் ஒரு மாலை, கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்போடு ஒரு பெண் வாசலில் நின்றார். அந்த ஆட்டக்காரரின் மனைவி என்று எனக்கு உடனே தெரிந்தது. அவர் படமும் என்னிடம் ஒன்பது இருந்தது.

“மாமி, தண்ணி மட்டும் குடுங்க” என்று என் மனைவியிடம் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து என்முன் வைத்தார். என் கட்டுரையின் நகல். மேலே வக்கீல் ஆபீஸ் முத்திரை.

“இது நீங்க எழுதுனதுதானே சார்?”

“ஆமாம்.”

“பிள்ளைய யாரு வச்சுக்கிடுததுன்னு கோர்ட்டுல நடக்கு. பிள்ளைக்குச் சொகமில்லாதப்ப நான் கவனிக்கல, அவியதான் கவனிச்சாவன்னு சொல்லுதாவ. அதுக்கு இதைச் சேத்திருக்காவ. தேதியெல்லாம் போட்டு எழுதிருக்கீங்களே, நீங்க அன்னைக்கு சயான் ஆஸ்பத்திரிக்கு வந்தீங்களா?”

நான் வரவில்லை. டிவியில் பார்த்ததை எழுதினேன். ஆனால் கட்டுரையை மறுபடி படித்தபோது எனக்கே வேர்த்தது. ‘கூறினார்’ என்று ஒரு இடத்திலும் இல்லை. அவர் பேட்டியில் ‘அன்றைக்கு’ என்றுதான் சொன்னார். அது எந்த நாள் என்று ஆட்டக் கோப்பைப் புரட்டிக் கண்டுபிடித்து, சனிக்கிழமை என்று கிழமையோடு தேதியைப் போட்டவன் நான். தேதி இல்லாமல் எழுத என் கை வராது.

“ஆஸ்பத்திரி ரிஜிஸ்டர் இருக்குமேம்மா?”

“கையெழுத்து பூரா நான் போட்டதுதான். அவிய வரலைன்னு எந்த ரிஜிஸ்டர்ல சார் எழுதுவாவ?”

அந்தச் சனிக்கிழமை அவர் கோயம்புத்தூரில் ஒரு உடற்பயிற்சிக்கூடம் திறந்துவைக்கப் போயிருந்தார் என்றார் அந்தப் பெண். ரிப்பன் வெட்டும் படம் ஒரு தமிழ்ப் பேப்பரில் வந்ததாம். நெட்டில் தேடினால் இல்லை. அந்தக் கூடமும் கைமாறிவிட்டது. விமான டிக்கெட் விவரம் கேட்டு அந்தப் பெண்ணின் வக்கீல் போட்ட மனு நகரவில்லை.

நான் அலமாரியைத் திறந்தேன். படம் இருந்தது. ‘நேற்று திறந்துவைத்தார்’ என்று கீழே இரண்டு வரி. ஓரத்தில் பென்சிலில் என் கையெழுத்து, திங்கட்கிழமைத் தேதி.

“அப்ப ஞாயித்துக்கிழமையா நடந்துச்சு?” அந்தப் பெண்ணின் முகம் விழுந்துவிட்டது.

அங்கேதான் எனக்குக் குழப்பம் ஆரம்பித்தது. நான் வாங்கும் அந்தப் பேப்பர் சென்னையில் அச்சாகி, ரயிலில் ஏறி, மாட்டுங்கா ஸ்டேஷன் கடைக்கு மறுநாள்தான் வரும். பல வருஷம் நான் வாங்கிய நாளைத்தான் துண்டில் எழுதினேன். இடையில் எப்போதோ அது தப்பு என்று பட்டு, அச்சான தேதியை எழுத ஆரம்பித்தேன். எப்போது மாறினேன் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. இந்தத் திங்கள் வாங்கிய நாள் என்றால் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர். ‘நேற்று’ என்பது சனிக்கிழமை, அந்தப் பெண் சொல்வது சரி. அச்சான நாள் என்றால் அவர் சொல்வது தப்பு.

“இதுக்குத்தான் இந்தக் குப்பையெல்லாம் பழைய பேப்பர் வாங்கற ரத்திக்காரன்ட்ட போடுங்கோன்னு தலையா அடிச்சுண்டேன்” என்று சொல்லிக்கொண்டே என் மனைவி துண்டை வாங்கிப் பின்பக்கம் திருப்பினாள். “ஏன்னா, இங்க பாருங்கோ. மணமகன் தேவை. இது ஞாயித்துக்கிழமைதானே வரும்?”

இத்தனை வருஷமும் நான் ஒரு துண்டையாவது திருப்பிப் பார்த்ததில்லை.

“மாமி!” என்று அந்தப் பெண் எழுந்தே விட்டார். எனக்கும் சந்தோஷம்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிச்சயப்படுத்திக்கொள்ளலாம் என்று அந்தப் பேப்பரின் கோயம்புத்தூர் அலுவலகத்துக்கு அப்போதே போன் செய்தேன். பழைய நிருபர் ஒருவர் கிடைத்தார்.

“நேத்துன்னுதானுங்க போடுவோம். முந்தாநாள் நடந்ததுன்னு போட்டா யாருங்க படிப்பாங்க?”

“அப்படியானால் இது வெள்ளிக்கிழமைகூட நடந்திருக்கலாமா?”

“இருக்கலாமுங்க. ரிப்பன் வெட்டு நியூஸ்தானுங்களே. அவரோட மேனேஜரு போட்டோவும் மேட்டரும் அனுப்புவாரு, இடம் இருந்தா போடுவோம்.”

மேனேஜர் எழுதியதைப் பேப்பர் போட்டது. பேப்பர் போட்டதை நான் ஒட்டினேன். டிவியில் அவர் சொன்னதை நான் எழுதினேன், நான் எழுதியதை அவர் வக்கீல் கோர்ட்டில் வைத்திருக்கிறார். வெள்ளியா சனியா என்பது இதில் யாருக்குத் தெரியும் என்று எனக்கு விளங்கவில்லை. ஆட்டத்தில் எத்தனையாவது பந்தில் அவுட் ஆனார் என்பதற்கு நாலு பேப்பரில் சாட்சி இருக்கிறது.

நிருபர் சொன்னதை அந்தப் பெண்ணிடம் மறைக்கவில்லை. அவர், “உங்களுக்கு என்ன தெரியுமோ அதையாவது எழுதித் தாங்க” என்றார்.

எழுதினேன். மூன்று தாள் கிழித்தேன். கடைசியில் நின்றது இதுதான்: நான் மருத்துவமனைக்குப் போகவில்லை, அவர் அங்கே இருந்ததை நான் பார்க்கவில்லை, கட்டுரையிலுள்ள தேதி நானாகப் போட்டது, இணைத்துள்ள படம் ஞாயிற்றுக்கிழமை அச்சானது, நிகழ்ச்சி நடந்த நாள் எனக்குத் தெரியாது. கீழே கையெழுத்துப் போட்டேன்.

“வாசிச்சுக் காட்டுங்க சார். நான் படிச்சது இந்தி மீடியம், தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும்.”

வாசித்தேன்.

“அவிய வரலைன்னு இதுல இல்லையே?”

“அது எனக்குத் தெரியாதேம்மா.”

“எனக்குத் தெரியுமே சார். மூணு நாளு ஆஸ்பத்திரி ஸ்டூல்ல இருந்தது நான்தானே.”

என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

தாளையும் படத்தையும் கோப்பில் வைத்துக்கொண்டு, தன் வக்கீலுக்கு அங்கேயே போன் செய்தார் அந்தப் பெண். காகிதம் மட்டும் போதாது, ஆள் நேரில் வந்து சொல்ல வேண்டியிருக்கும் என்று மறுமுனையில் சொன்னது எனக்கும் கேட்டது. வருகிறேன் என்றேன். கோர்ட் வாசலைக்கூட நான் மிதித்ததில்லை, என்ன கேட்பார்கள் என்று பயமாக இருந்தது. அதை அந்தப் பெண்ணிடமே கேட்டேன்.

“தேதியெல்லாம் கேப்பாவ” என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். “பன்னெண்டு வருசமா பாத்துட்டிருக்கீங்களே, ஆளு எப்படின்னும் கேப்பாவ. அதுக்கும் ரோசிச்சு வைங்க சார்.”